எழுவான்கரை ஏடுகளும் படுவான்கரைக் கேள்விகளும்

மட்டக்களப்பு வாவிக்கு இரு கரைகள். ஞாயிறு எழும் பக்கத்தை எழுவான்கரை என்றும், அது படும் பக்கத்தைப் படுவான்கரை என்றும் இப்பகுதியார் வழங்குவர். பெயரிட்டவர்கள் வானத்தைப் பார்த்துப் பெயரிட்டார்கள். நிலத்தைப் பார்த்திருப்பின் வேறு பெயர்கள் தோன்றியிருக்கக் கூடும். நெல் விளைவது பெரும்பாலும் படுவான்கரையில். பள்ளிக்கூடமும் அச்சுக்கூடமும் நீதிமன்றமும் நூல்நிலையமும் பெருகியது எழுவான்கரையில். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இந்நீர்ப்பரப்பைப் பல துறைகளில் தோணியிலும், ‘பாதை’ என்று இங்கு சொல்லப்படும் மிதவையிலுமே மக்கள் கடந்துவந்தனர். மண்முனையில் பாலம் திறக்கப்பட்டது 2014ஆம் ஆண்டில்தான். நெல் மூடைகள் கிழக்கே வந்த அளவுக்கு நூல்கள் மேற்கே சென்றனவா என்று யாரும் கணக்கெடுத்ததில்லை.

இக்கேள்வி எமக்கு ஏட்டளவில் எழுந்ததன்று. படுவான்கரைச் சிற்றூர் ஒன்றின் வாசிகசாலைக்கு நூல்கள் தேர்ந்து கொடுக்கும் பொறுப்பு எம்மையும் ஆசிரிய நண்பர் இருவரையும் வந்தடைந்தது. கையிலிருந்த பணம் ஓர் அலுமாரியை நிரப்பவும் போதாது. நண்பருள் இளையவர் தொழிற்சங்கத்தில் ஊறியவர். அவர் எடுத்த எடுப்பிலேயே, “தத்துவம், ஞானம், பக்தி என்று ஒரு தட்டும் வேண்டாம் ஐயா. வயற்காரர் பிள்ளைகளுக்கு நாவலைக் கொடுப்போம், சிறுகதையைக் கொடுப்போம், விஞ்ஞானத்தைக் கொடுப்போம். மறுமையைப் பற்றி அவர்கள் போதுமான அளவு கேட்டுவிட்டார்கள்” என்றார். ஓய்வுபெற்ற தமிழாசிரியராகிய மூத்தவரோ, “விபுலானந்த அடிகள் பிறந்த நாட்டில் அடிகளுக்கு இடமில்லாத வாசிகசாலையா, தம்பி?” என்று வருந்தினார். இருவர் கூற்றிலும் உண்மை இருந்தது. தத்துவம், மறைஞானம், புனைகதை என்று தட்டுப் பிரித்து வைப்பது நூலகருக்கு வசதி. ஒவ்வொரு நூலும் எந்தக் கரையில் நின்று பேசுகிறது, மறுகரைக்குத் தோணி ஏறியதா என்று கேட்பதே வாசகருக்குப் பயன்தரும் பிரிவினை என்று எமக்குப் பட்டது. அந்தக் கேள்வியோடுதான் நூல்களை ஒவ்வொன்றாக எடுத்தோம்.

முதலில் அடிகளையே எடுத்துக்கொள்வோம். 1892ஆம் ஆண்டு காரைதீவில் மயில்வாகனம் என்ற பெயருடன் பிறந்தவர்; மதுரைத் தமிழ்ச்சங்கத்துப் பண்டிதர்; இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டதாரி. 1924ஆம் ஆண்டு இராமகிருஷ்ண மடத்துத் துறவியானார். அதற்கு இரண்டாண்டுகளின் பின் வெளிவந்த அவருடைய நூல் வேதாந்தம் பற்றியதன்று. சேக்ஸ்பியருடைய நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு வைத்து ஆராயும் ‘மதங்க சூளாமணி’ அது. அந்த ஆங்கிலக் கவிஞருக்கு அவர் சூட்டிய ‘செகசிற்பியார்’ என்ற பெயரைக் கேட்டு இன்றைய மாணவர் நகைக்கலாம்; நகைத்தபின் நூலைத் திறந்தால் நகைப்பு அடங்கிவிடும். விவேகானந்தரின் கருமயோகத்தையும் ஞானயோகத்தையும் தமிழில் தந்தவரும் அவரே.

வேதாந்தத்தின் மீது நம்மவர் சாட்டும் குற்றம் பழையது. உலகம் மாயை எனின் பசியும் மாயை. பசி மாயை எனின் போடியார் வீட்டுப் பட்டறையில் நெல் நிறைந்திருப்பதும், அதை விளைவித்தவன் வீட்டு அடுப்பு அணைந்திருப்பதும் ஒன்றாகிவிடும். இக்குற்றச்சாட்டு வலுவுடையது, அதனை மழுப்ப நாம் விரும்பவில்லை. ஆனால் அடிகள் அத்தத்துவத்திலிருந்து எடுத்துக்கொண்ட முடிவு வேறு. எல்லா உயிரும் ஒன்றெனின் எழுத்தறியாத பிள்ளை எவ்வூரிலும் இருக்கலாகாது என்பதே அவர் கண்ட முடிவு. 1929ஆம் ஆண்டு கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயம் எழுந்தது. 1931ஆம் ஆண்டு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தபோது, பகலெல்லாம் பட்டதாரி மாணவருக்குப் பாடம் சொன்னவர், மாலையில் அயலிலிருந்த திருவேட்களத்துச் சேரிக்குச் சென்று தாழ்த்தப்பட்டோர் பிள்ளைகளுக்குக் கற்பித்தார். ‘அத்துவைதம்’ என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான உரையை நாம் எந்த நூலிலும் கண்டதில்லை.

அவரிடம் ஒரு குறையும் உண்டு. அதையும் சொல்லத்தான் வேண்டும். கல்வியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர் காணியைப் பற்றி அவ்வளவு எழுதவில்லை. வயல் யாருடையது, முல்லைக்காரனுக்கும் கூலியாளுக்கும் விளைவில் என்ன பங்கு என்ற கேள்விகளை எழுப்பி, 1958ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் மார்க்சியரான பிலிப் குணவர்த்தன. எழுத்தறிவித்தவர் ஒருவர், காணியைக் கேட்டவர் இன்னொருவர். அந்த இருவரும் ஒருவராக வாய்க்கும் பேறு நமக்குக் கிட்டவில்லை.

அடிகளின் ‘யாழ்நூல்’ 1947ஆம் ஆண்டு ஆனி மாத அளவில் தஞ்சைப் பகுதியில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார். பழந்தமிழரின் யாழை, நரம்பின் நீளமும் சுரத்தின் அலகும் கணக்கிட்டு மீட்க முயன்ற அந்நூல் கணிதமும் இசையும் கலந்தது; எளிதில் படிக்கத்தக்கதன்று. வாசிகசாலைக்கு அதனை வாங்கலாமா என்று நாம் மூவரும் தயங்கியதுண்டு. ஆயினும் அவ்வாராய்ச்சிக்குப் பின்னால் வாவி இருக்கிறது. நிலாக் காலத்து இரவுகளில் கல்லடிப் பாலத்தருகே நீருக்குள்ளிருந்து ஓர் இன்னொலி எழுவதாக இந்நாட்டார் நெடுங்காலமாகச் சொல்லிவந்தனர். அதைக் கேட்கத் துடுப்பின் ஒருமுனையை நீரில் இறக்கி மறுமுனையைக் காதில் வைத்துக்கொள்வது தோணிக்காரர் முறை. 1848ஆம் ஆண்டு எமர்சன் தெனன்ற் என்ற ஆங்கிலேய அதிகாரி தோணியிற் சென்று கேட்டுத் தம் நூலில் எழுதிவைத்தார். ஊரி எழுப்பும் ஒலி அது என்று மீனவர் அவருக்குச் சொல்லியிருக்கின்றனர். அடிகள் அதே ஒலியைக் கேட்டு, நீரரமகளிர் பாடும் இன்னிசை என்று பாட்டாக்கினார். பின்னர் 1950களில் மட்டக்களப்பு மிக்கேல் கல்லூரியைச் சேர்ந்த அமெரிக்க யேசுசபைத் துறவி லாங் அடிகளார் நீருக்குள் ஒலிவாங்கியை இறக்கி அதனைப் பதிவுசெய்தார்.

அதிகாரி, துறவி, பாதிரியார் ஆகிய மூவரும் கேட்டது ஒரே ஒலியைத்தான். இவர்களுள் யார் சரி என்று மாணவரிடம் கேட்டால் பெரும்பாலோர் ஒலிவாங்கியைச் சொல்வர், அது முறையே. எனினும், விஞ்ஞானப் பட்டதாரியாகிய ஒருவர் அந்த ஒலியை அரமகளிராக்கியது அறியாமையினால் அன்று என்பதையும் அம்மாணவருக்குச் சொல்லவேண்டும். இசைக்குச் சுர அலகு தேடியவர் தம் ஊர் நீருக்குள்ளும் சுரத்தைத் தேடினார். மறைஞானம் என்று நாம் ஒதுக்கும் பலவற்றில் இத்தகைய கூர்ந்த செவி இருக்கிறது. நம் இளைய நண்பர் இதைக் கேட்டு, “செவி இருக்கட்டும் ஐயா, துடுப்புப் பிடித்தவனுடைய கூலி என்ன?” என்றார். அந்த விவரம் மூவர் குறிப்பிலும் இல்லை!

படுவான்கரையிலிருந்தே எழுந்த தத்துவ நூல் ஒன்றும் உண்டு. மண்டூர் தந்த புலவர்மணி ஏ. பெரியதம்பிப்பிள்ளை பகவத்கீதையை வெண்பாவாக்கினார். அதன் முதற்பாகமாகிய கருமயோகம் வெளிவந்தது 1962ஆம் ஆண்டில். மூன்றாம் பாகம் வந்தது 1976ஆம் ஆண்டில். வெண்பா இலக்கணத்தில் இறுக்கமானது. வடமொழிச் சுலோகத்தின் பொருளை அதனுள் அடைத்தும் ஓசை குன்றாமல் நிறுத்தியிருக்கிறார். அதே 1962ஆம் ஆண்டில் இந்தியாவின் மார்க்சிய அறிஞர் டி. டி. கோசாம்பி கீதையின் சமூக, பொருளாதாரப் பின்னணியை ஆராய்ந்த கட்டுரையைத் தம் நூலொன்றில் சேர்த்து வெளியிட்டார். ஒன்றுக்கொன்று முற்றும் மாறான கொள்கையுடையோரும் தத்தமக்குக் கீதையைத் துணைகொள்ள முடிந்தது ஏன் என்று அவர் கேட்டார். பக்தி என்னும் பற்று, ஆண்டானுக்கு அடியான் கட்டுப்பட்ட நிலவுடைமைச் சமுதாயத்துக்கு எவ்வாறு பொருந்திற்று என்றும் காட்டினார். இந்த இரு நூல்களும் ஒன்றையொன்று அறியா. ஆனால் பலன் கருதாது உழை என்ற போதனையை, பலனைக் கண்ணாற் காணாமலே உழைத்துவரும் வயற்கூலியின் மகன் படிக்கும்போது, புலவர்மணியின் ஓசையும் கோசாம்பியின் கேள்வியும் அவன் கையில் ஒருங்கே இருத்தல் வேண்டும். வெண்பாவை மட்டும் கொடுத்தால் அவனை ஏமாற்றியவராவோம். கோசாம்பியை மட்டும் கொடுத்தால் அவன் ஊர்ப் புலவனை அவனிடமிருந்து பறித்தவராவோம்.

மறைஞானிகள் போராட்டத்துக்கு உதவார் என்று உறுதிகொண்டோர்க்காக வாவியை விட்டுச் சற்று வடக்கே செல்வோம். புங்குடுதீவைச் சேர்ந்த மு. தளையசிங்கம் சிறுகதை எழுதியவர், தத்துவம் எழுதியவர், ஆன்மிகச் சாதனையிலும் ஈடுபட்டவர். நம் முற்போக்கு விமர்சகர்களைக் கடுமையாகத் தாக்கி எழுதியவருங்கூட. ‘போர்ப்பறை’ 1970ஆம் ஆண்டு வெளிவந்தது. அடுத்த ஆண்டே, தம் ஊரில் ஒடுக்கப்பட்ட மக்கள் நல்ல தண்ணீர் அள்ளும் உரிமைக்காக நடந்த சத்தியாக்கிரகத்தில் முன்னின்று பொலிசாரின் தாக்குதலுக்கு ஆளானார். 1973ஆம் ஆண்டு, நாற்பது வயதை எட்டுமுன் மறைந்தார். அவருடைய ‘மெய்யுள்’ எமக்கு முற்றும் உடன்பாடான நூலன்று; அதில் வரும் பிரபஞ்ச யதார்த்தம் போன்ற சொற்கள் கைக்குள் அகப்படாமல் நழுவுகின்றன. ஆனால் கிணற்றடி நழுவவில்லை. அவரை ‘கருத்துமுதல்வாதி’ என்று ஒரே சொல்லால் ஒதுக்கிவைத்த நம்மவருள் எத்தனை பேர் அந்தக் கிணற்றடிக்குச் சென்றார்கள் என்று கேட்பது நயமாகாது. இருந்தும் கேட்கத் தோன்றுகிறது.

மீண்டும் வாவிக்கு வருவோம். அச்சேறிய நூல்களுக்கு முன்பே படுவான்கரையில் ஓதப்பட்டுவந்த நூல் ‘கண்ணகி வழக்குரை’. வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் கதவு திறந்து, நாட்கணக்கில் ஏடு பாடி, குளிர்த்தியோடு முடிப்பது இந்நாட்டு வழக்கம். அவ்வேட்டினை வித்துவான் வீ. சி. கந்தையா பதிப்பித்ததனால் இன்று நாமும் படிக்கிறோம். நூலின் பெயரிலேயே வழக்கு இருக்கிறது. காணி வழக்குக்காக ஆண்டுக்கணக்கில் வாவி கடந்து நீதிமன்றம் சென்று, தவணைத் திகதியோடு திரும்பும் ஓர் உழவன் அக்கோயில் முற்றத்தில் அமர்ந்து, ஒற்றைச் சிலம்பைச் சான்றாகக் கையிலேந்திய பெண் அரசனை எதிர்த்து வழக்காடி வென்ற கதையைக் கேட்கிறான். அவன் கேட்பது பக்திப் பாடலை மட்டுந்தானா? மார்க்ஸ் மதத்தை அபின் என்றார் என்பது நம் மாணவர் யாவருக்கும் தெரியும். 1844ஆம் ஆண்டு வெளிவந்த அக்கட்டுரையில், அதே பந்தியில், மதத்தை அவர் ஒடுக்கப்பட்டோரின் பெருமூச்சாகவும் கண்டார் என்பதைச் சொல்லிக்கொடுப்போர் சிலரே. வழக்குரையைத் தட்டில் வைப்பதற்கு இளைய நண்பரே இசைந்தார். எந்தத் தட்டில் என்பதில் மட்டும் முடிவு ஏற்படவில்லை. அவர் அதனைச் சட்ட நூல்களோடு வைக்கச் சொன்னார்.

இனிப் புனைகதை. இங்கே நம் அணியாரின் பழைய காயம் ஒன்றைத் தொடாமல் செல்ல முடியாது. யாழ்ப்பாணத்து நல்லூரிற் பிறந்து, மட்டக்களப்பில் நெடுங்காலம் ஆசிரியராக வாழ்ந்தவர் எஸ். பொன்னுத்துரை. முற்போக்கு எழுத்தாளரோடு தொடங்கி, அவர்களோடு பிணங்கி, 1960களில் ‘நற்போக்கு’ என்று தனிக்கொடி பிடித்தார். 1961ஆம் ஆண்டு அவருடைய ‘தீ’ வெளிவந்தபோது ஆபாசம் என்றனர் பலர். அதன் துணிவு பெரிது, கலை அவ்வளவு பெரிதன்று என்பது எம் கருத்து. 1966ஆம் ஆண்டு வந்த ‘சடங்கு’ வேறு வகை. கொழும்பில் வேலை பார்க்கும் அரசாங்க எழுதுவினைஞன் சில நாள் விடுமுறையில் ஊருக்கு வருகிறான். மனைவியோடு தனித்திருக்க ஒரு பொழுது வாய்க்காமலே திரும்புகிறான். கதை இவ்வளவே. ஆனால் சம்பளம், கடன், மாமியார், பிள்ளைகள், வீட்டின் இட நெருக்கடி என்று நடுத்தர வர்க்கத்துக் குடும்பம் முழுவதும் அந்தச் சில நாட்களுக்குள் அகப்பட்டுக்கொள்கிறது. வர்க்கம் என்ற சொல்லை ஆளாமலே வர்க்கத்தைக் காட்டிய நாவல் அது. நம்மை ஏசியவர் எழுதினார் என்பதற்காக அதனை மாணவரிடமிருந்து மறைப்போமாயின் நட்டம் மாணவருக்கே. ஒன்று மட்டும் சொல்லவேண்டும்: வாவிக்கரையில் இத்தனை ஆண்டு வாழ்ந்தவரின் மிகச் சிறந்த நாவல் பேசுவது யாழ்ப்பாணத்து வீட்டை. வயலை எழுதக் கவிஞர் ஒருவர் வேண்டியிருந்தது. பெரியநீலாவணையைச் சேர்ந்த நீலாவணன் உழவர் வாழ்வை அவர்தம் சொற்களிலேயே ‘வேளாண்மை’ என்று காவியமாக்கினார். அவர் மறைந்தது 1975ஆம் ஆண்டு. காவியம் நூலானது 1982ஆம் ஆண்டு.

பித்தன் என்ற பெயரில் எழுதிய கே. எம். ஷா மட்டக்களப்பு முஸ்லிம். அவருடைய கதைகள் நெடுங்காலம் நூலுருப் பெறாமலே பத்திரிகைத் தாள்களிற் கிடந்தன. அந்தப் புனைபெயரை எண்ணுந்தோறும் எமக்கு ஒரு வியப்பு. சுந்தரர் இறைவனை அழைத்த சொல் அது. சூஃபி மரபில் ‘மஸ்தான்’ என்பதும் இறைபோதையில் தன்னை மறந்தவனையே குறிக்கும். குணங்குடி மஸ்தானின் தமிழில் சித்தரின் குரலும் கேட்கிறது, சூஃபியின் குரலும் கேட்கிறது. பக்கீர் பாவாக்கள் றபான் கொட்டிப் பாடிச் சென்ற தெருக்கள் கிழக்குக் கரையெங்கும் இருந்தன. தமிழரும் முஸ்லிம்களும் ‘புட்டும் தேங்காய்ப்பூவும் போல’ என்ற உவமையைச் சொல்லாத மேடை இங்கு இல்லை. அவ்வுவமை மேடையில் மட்டும் மிஞ்சிவிடுமோ என்று அஞ்சும்படியாக 1990ஆம் ஆண்டு வந்தது. ஓகஸ்ட் மாதம் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் விடுதலைப் புலிகளால் கொல்லப்பட்டனர். அடுத்த மாதம் சத்துருக்கொண்டானில் தமிழ்க் கிராமத்தவர், குழந்தைகளுட்பட, அரச படையினரால் கொல்லப்பட்டனர். அதன்பின் பல ஆண்டுகள் ஓர் ஊரின் புத்தகம் அடுத்த ஊருக்குச் செல்வதும் அரிதாயிற்று. 1978ஆம் ஆண்டுச் சூறாவளியும் 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையும் அழித்த நூல்களை மீண்டும் வாங்கிவிடலாம். இதனால் வாசிக்கப்படாமற் போனவற்றை எந்தக் கடையில் வாங்குவது?

பட்டியலின் இறுதியில் நாம் சேர்த்தவை விமல் குழந்தைவேலின் இரண்டு நாவல்கள். அக்கரைப்பற்றுப் பகுதியிற் பிறந்து இலண்டனில் வாழும் இவர் இப்பகுதிப் பேச்சுமொழியை அப்படியே பக்கத்தில் இறக்குகிறார். வெளியூர் வாசகர் முதற் சில பக்கங்களில் திணறுவர். 2011ஆம் ஆண்டு வெளிவந்த ‘கசகறணம்’ அக்கரைப்பற்றுச் சந்தையை நடுவாகக் கொண்டு இரு சமூகத்தாரும் கூடியிருந்ததையும் பிரிந்ததையும் சொல்வது. மூத்த ஆசிரியர் அதை இரண்டு இரவில் முடித்துவிட்டு, மூன்றாம் நாள் யாருடனும் அதிகம் பேசவில்லை.

மற்றது ‘வெள்ளாவி’, 2004ஆம் ஆண்டு வெளிவந்தது, சலவைத் தொழிலாளரின் வாழ்வைப் பேசுவது. அதனைப் படிக்குமுன் எப். எக்ஸ். சி. நடராசா 1962ஆம் ஆண்டு பதிப்பித்த ‘மட்டக்களப்பு மான்மிய’த்தை மாணவர் ஒருமுறை புரட்டுதல் நன்று. எக்குடிக்குக் கோயிலில் எம்முதன்மை, எச்சாதி யாருக்கு என்ன ஊழியம் செய்யக் கடவது என்று அவ்வேடு ஒழுங்குபடுத்தி உரைக்கிறது. நிலப்பிரபுத்துவம் தன்னைப் பற்றித் தானே எழுதிவைத்த சாட்சி என்ற வகையில் அதற்கு நிகர் இல்லை. அந்த ஏட்டில் ஊழியத்துக்குரிய சாதியாக மட்டும் வந்துபோனவர்கள், நாலு தசாப்தங்களின் பின் வந்த நாவலில் துணி மூட்டையை இறக்கிவைத்துவிட்டுத் தம் சொந்தப் பேச்சிலேயே ஊராரைப் பற்றிச் சொல்லத் தொடங்குகிறார்கள்.